ட்ரிப்பிள் நெகட்டிவ் மார்பகப் புற்றுநோய்: எந்தப் புரதத்தை அடிப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கும் ஒருவர் தன் அக்காவுக்காகக் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு 43 வயது. மார்பகத்தில் கட்டி, பயாப்சியில் ட்ரிப்பிள் நெகட்டிவ் என்று வந்துவிட்டது. கீமோ தொடங்கத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். இதற்கிடையில் ‘புற்றுநோயை வளர்க்கும் புரதத்தையே முடக்கும் மருந்தைச் சிங்கப்பூரில் கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது உண்மையா, அக்காவுக்குக் கிடைக்குமா, கிடைக்கும்வரை கீமோவைத் தள்ளிப்போடலாமா?

நான் மருத்துவர் இல்லை. புற்றுச் செல்களுக்குள் புரதங்கள் என்ன செய்கின்றன என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். சிகிச்சை முடிவை அக்காவின் டாக்டரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தள்ளிப்போட வேண்டாம். இது வேகமாக வளரும் வகை. திரும்பி வருவதென்றால் பெரும்பாலும் முதல் மூன்று வருடங்களை ஒட்டியே வரும். ஐந்து வருடம் தாண்டிவிட்டால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் ஆரம்பத்தில் கொடுக்கும் சிகிச்சைக்கு இங்கே மதிப்பு அதிகம். வேகமாகப் பிரியும் செல்களைத்தான் கீமோ நன்றாக அடிக்கும் என்பதால் அந்த வேகமே ஒரு வகையில் நமக்குச் சாதகமும்கூட. முதலில் மருந்து கொடுத்துவிட்டு அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போது, வெட்டியெடுத்த சதையில் ஒரு புற்றுச் செல்கூட மிச்சமில்லை என்று ரிப்போர்ட் வரும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படி வந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு நன்றாகவே குறைகிறது. இந்த வாய்ப்பை ஒரு ஃபார்வர்டு செய்திக்காக விட்டுவிடாதீர்கள்.

சரி, இப்போது புரதங்களுக்கு வருவோம். அக்காவின் பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அது எப்படி எழுதப்பட்டது என்று தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். ஊசி வழியாக எடுத்த சதைத்துணுக்கை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய ஏடாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்கள். ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை அதன்மேல் விட்டு, பிறகு நிறமேற்றுவார்கள். புரதம் இருக்கும் இடம் பழுப்பாக மாறும். மற்றதெல்லாம் வெளிர்நீலமாக இருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம், இருந்தால் செல்லின் நடுவில் உள்ள உட்கரு பழுப்பாகும். புரொஜெஸ்டிரோன் ஏற்பிக்கும் அப்படித்தான். செல்லை வளரத் தூண்டும் மேல்பரப்புப் புரதமான ஹெர்2 மிக அதிகமாக இருந்தால் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் அழுத்தமான பழுப்பு வளையம் தெரியும். அக்காவின் தகடுகளில் உட்கருக்கள் நீலமாகவே இருந்திருக்கும், அந்த அழுத்தமான வளையமும் இருந்திருக்காது. ஆக, சோதித்துப் பார்த்த மூன்று புரதங்களும் அங்கே இல்லை, அல்லது மிகக் குறைவு; ட்ரிப்பிள் நெகட்டிவ் என்பதன் அர்த்தம் இதுதான். ஆனால் ஒரு செல்லில் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் இருக்கின்றன. மற்றவற்றைப் பற்றி அந்த மூன்று தகடுகள் எதுவும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். ஹெர்2 என்ற வரியில் 0 என்று இருக்கிறதா, 1+ என்று இருக்கிறதா? இரண்டுமே நெகட்டிவ்தான். ஆனால் 2022 முதல் இந்த வேறுபாட்டுக்கு அர்த்தம் வந்துவிட்டது. மங்கலாகவேனும் ஹெர்2 தெரியும் கட்டிகளுக்கு, நோய் பரவிய நிலையில், டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெக்கான் என்ற மருந்து பலன் தருவதாக அந்த வருடம் ஆய்வு முடிவு வந்தது. அக்காவுக்கு இப்போது அது தேவைப்படாது. இருந்தாலும் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோயை வளர்க்கும் புரதத்தைக் குறிவைப்பது என்ற எண்ணமே மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 மூலம்தான் வலுப்பெற்றது. லாஸ் ஏஞ்சலஸில் டென்னிஸ் ஸ்லாமன் குழு 1987-இல் காட்டியது இது: சில கட்டிகளில் ஹெர்2 மரபணுவின் பிரதிகள் பல மடங்காகப் பெருகியிருக்கின்றன, அந்தப் பெண்களின் நோய் மற்றவர்களுடையதைவிட மோசமாகப் போகிறது. பதினொரு வருடம் கழித்து, 1998-இல், அந்தப் புரதத்தைப் பிடித்து அடக்கும் டிராஸ்டுசுமாபுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எல்லாரும் பயந்த வகை, நன்றாகச் சிகிச்சையளிக்கக்கூடிய வகையாக மாறியது. அப்போதிலிருந்து ட்ரிப்பிள் நெகட்டிவிலும் இப்படி ஒரு புரதம் கிடைக்காதா என்று தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

தேடியதில் முதலில் கண்ணில் பட்டது ஹெர்2-வின் நெருங்கிய உறவான ஈஜிஎஃப்ஆர். ட்ரிப்பிள் நெகட்டிவ் கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் அது நிறைய இருக்கிறது. அதைத் தடுக்கும் செட்டுக்சிமாப் என்ற மருந்தும் குடல் புற்றுநோய்க்காக ஏற்கெனவே கைவசம் இருந்தது. கொடுத்துப் பார்த்தார்கள். சொற்பப் பேருக்குத்தான் கட்டி சுருங்கியது. அப்புறம் ஏகேடி என்ற புரதம். அதைத் தடுக்கும் இபடாசெர்டிப் இரண்டாம் கட்ட ஆய்வில் பெரிய நம்பிக்கை தந்தது, மூன்றாம் கட்டத்தில் அந்தப் பலன் நிற்கவில்லை. அதே வேலை செய்யும் காபிவாசெர்டிப்பும் 2024-இல் ட்ரிப்பிள் நெகட்டிவில் தோற்றது. இத்தனைக்கும் ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய்க்கு அது அனுமதி பெற்ற மருந்து.

இந்தத் தோல்விகளை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒரு புரதம் கட்டியில் நிறைய இருப்பது வேறு. அது இல்லாமல் அந்தக் கட்டியால் வாழ முடியாது என்பது வேறு. ஈஜிஎஃப்ஆரை அடைத்தால் ட்ரிப்பிள் நெகட்டிவ் செல் வேறு வழியாகப் போய்விடுகிறது. ‘இந்தப் புரதம் புற்றுநோயைத் தூண்டுகிறது’ என்று எந்தச் செய்தியைப் படித்தாலும், அதைத் தடுத்தபோது மனிதர்களுக்கு என்ன ஆனது என்ற வரி அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

மனிதர்களில் பலன் தந்தவை என்று மூன்றைச் சொல்லலாம். மூன்றுமே ஹெர்2 மாதிரி நேரடியாக ஒரு தூண்டுதலை அணைப்பவை இல்லை.

ஒன்று, பார்ப் தடுப்பான்கள். செல்லுக்குள் டிஎன்ஏ தினமும் பல இடங்களில் சேதமாகிறது. பழுதுபார்க்கப் பல புரதங்கள் இருக்கின்றன. இரண்டு இழைகளும் சேர்ந்து அறுந்தால் பிழையில்லாமல் சேர்த்துவைக்க பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 புரதங்கள் வேண்டும். ஓர் இழை மட்டும் அறுந்தால் பார்ப் என்ற புரதம் வேலை செய்கிறது. பிறவியிலேயே பிஆர்சிஏ மரபணுவில் பழுது உள்ள ஒருவரின் புற்றுச் செல்லில் முதல் வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கும். மருந்தால் பார்ப்பையும் முடக்கினால் அந்தச் செல் சேதத்தைச் சமாளிக்க முடியாமல் செத்துவிடும். ஆரோக்கியமான செல்லில் முதல் வழி திறந்திருப்பதால் அது தப்பிக்கும். 2005-இல் ஆய்வுக்கூடத்தில் தெரிந்த இந்த விஷயம், ஓலாபாரிப் என்ற மாத்திரையாக 2018-இல் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. ஆரம்ப நிலையில் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு மற்ற சிகிச்சைகள் முடிந்தபின் ஒரு வருடம் கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று 2021-இல் நிரூபித்தார்கள். பிஆர்சிஏ1 பழுது உள்ள பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தால் அது பெரும்பாலும் ட்ரிப்பிள் நெகட்டிவாகத்தான் இருக்கும். அதனால்தான் அக்காவுக்கு மரபணுப் பரிசோதனை கட்டாயம் பேசவேண்டிய விஷயம் என்கிறேன்.

இரண்டாவது, பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து. நம் உடம்பின் எதிர்ப்புச் செல்களில் பிடி-1 என்ற ஒரு தடுப்பு உண்டு. புற்றுச் செல் பிடி-எல்1 புரதத்தைக் காட்டி அந்தத் தடுப்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மருந்து பிடி-1-ஐப் பிடித்துக்கொள்வதால் எதிர்ப்புச் செல்கள் மறுபடி வேலைக்கு வரும். ஆரம்ப நிலை ட்ரிப்பிள் நெகட்டிவில் கீமோவோடு சேர்த்து, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் தொடர்ந்து கொடுத்த ஆய்வில், ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 86.6 சதவீதம், கீமோவும் வெற்றுமருந்தும் பெற்றவர்களில் 81.7 சதவீதம். இந்தப் பலன் கட்டியில் பிடி-எல்1 இருந்தாலும் இல்லாவிட்டாலும் தெரிந்தது. உங்கள் அக்காவின் கட்டி இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ அக்குள் நிணநீர்க் கணுவில் நோய் இருந்தாலோ, டாக்டர் இதைப் பற்றிப் பேசியிருப்பார்.

இதன் பக்கவிளைவு கீமோவுடையதைப் போல இருக்காது. தூண்டிவிட்ட எதிர்ப்பு சக்தி தைராய்டு, அட்ரினல், பிட்யூட்டரி சுரப்பிகளையும் தாக்கலாம். அப்படித் தாக்கினால் சில சமயம் வாழ்நாள் முழுக்க ஹார்மோன் மாத்திரை போட வேண்டிவரும். சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்துக்கூட இது தலைகாட்டும். எழுந்து நிற்கவே முடியாத சோர்வு, தலைசுற்றல், நிற்காத வயிற்றுப்போக்கு, புதிதாக மூச்சுத்திணறல் என்று அக்கா சொன்னால், கீமோ அசதிதான் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஏஅண்டுஇ-க்கு (அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு) போக நேர்ந்தால் ‘இம்யூனோதெரபி எடுத்துக்கொள்கிறார்’ என்ற தகவலை முதலில் சொல்லுங்கள்.

மூன்றாவது, ட்ராப்-2 என்ற புரதம். எனக்கு மிகவும் பிடித்த சிந்தனை இது. ஏனென்றால் இங்கே அந்தப் புரதத்தை அணைப்பதே நோக்கமில்லை. ட்ரிப்பிள் நெகட்டிவ் செல்களின் மேல்பரப்பில் ட்ராப்-2 ஏராளமாக இருக்கிறது. கட்டி அதை நம்பி வாழ்கிறதா இல்லையா என்பதைப் பற்றிக் கவலைப்படாமல், அதை வெறும் முகவரியாக எடுத்துக்கொண்டார்கள். ட்ராப்-2-வைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒவ்வொன்றின் மேலும் எஸ்என்-38 என்ற கடுமையான கீமோ மருந்தின் ஏழெட்டு மூலக்கூறுகளைக் கோத்திருக்கிறார்கள். ஆன்டிபாடி செல்லில் ஒட்டி உள்ளே போனதும் மருந்து கழன்றுவிடும். பக்கத்தில் உள்ள, ட்ராப்-2 குறைவாக உள்ள புற்றுச் செல்களுக்குள்ளும் அது பரவும். சாசிடுசுமாப் கோவிடெக்கான் என்பது இதன் பெயர். ஏற்கெனவே பல கீமோ எடுத்தும் நோய் பரவியிருந்த பெண்களிடம் நடந்த ஆய்வில், வழக்கமான கீமோவில் 6.7 மாதமாக இருந்த இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) இதில் 12.1 மாதமானது. முழுக் குணம் இல்லை. ஆனால் அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது பெரிய விஷயம். 2025-இல் இதையே பெம்ப்ரோலிசுமாபோடு சேர்த்து, பிடி-எல்1 உள்ள பரவிய நோய்க்கு முதல் சிகிச்சையாகவே கொடுத்து, கீமோவும் பெம்ப்ரோலிசுமாபும் சேர்ந்ததைவிட நோயை அதிக காலம் கட்டுப்படுத்த முடிகிறது என்று காட்டியிருக்கிறார்கள்.

இதெல்லாம் இருக்க, கட்டியை உண்மையிலேயே ஓட்டிச் செல்லும் புரதங்களை ஏன் நேரடியாக அடிக்க முடியவில்லை? ட்ரிப்பிள் நெகட்டிவ் கட்டிகளில் அதிகம் பழுதாகியிருப்பது பி53. சுமார் 80 சதவீதக் கட்டிகளில் அது கெட்டிருக்கிறது. 1979-இல் அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான டேவிட் லேன் பின்னாளில் சிங்கப்பூரில் அரசு ஆய்வு அமைப்பான ஏ*ஸ்டாரில் நீண்ட காலம் அதே புரதத்தில் வேலை பார்த்தார். பி53 செல்லைக் காவல் காக்கும் புரதம். அதிகமாக வேலை செய்யும் ஒன்றை மருந்தால் நிறுத்தலாம். கெட்டுப்போன காவலை மருந்தால் திரும்பக் கொண்டுவருவது அதைவிடப் பல மடங்கு கடினம்.

இன்னொன்று மிக் என்ற புரதம். செல் வளரவும் பிரியவும் தேவையான ஏராளமான மரபணுக்களை அது முடுக்கிவிடுகிறது. ட்ரிப்பிள் நெகட்டிவில் அடிக்கடி மிகையாக இருக்கும். சாதாரணமாக மருந்து என்பது புரதத்தில் உள்ள ஒரு குழிவில் போய் உட்கார்ந்து அதை நிறுத்தும். மிக்குக்கு அப்படி ஒரு நிலையான வடிவமே இல்லை. பிரிந்து கிடக்கும் நூல்கண்டு மாதிரி நெளிந்துகொண்டே இருக்கும், மருந்து உட்கார இடம் கிடைக்காது. அது செல்லின் உட்கருவுக்குள் இருப்பதால் ஆன்டிபாடியும் எட்டாது. அதனால் சுற்றி வளைத்துப் போகிறார்கள். மிக்கை நிலைநிறுத்தும் வேறு புரதங்களைத் தடுப்பது ஒரு வழி. சிங்கப்பூர் மரபணு ஆய்வுக் கழகத்தில் யூ சியாங் குழு 2013-இல் பிடிகே1, பிஎல்கே1 என்ற இரண்டு புரதங்கள் வழியாக மிக் எப்படி முடுக்கப்படுகிறது என்று காட்டியது இந்த வகை. ஸ்பெயினில், மிக்கோடு ஒட்டிக்கொண்டு அதை வேலை செய்யவிடாமல் தடுக்கும் ஒரு சிறு புரதத்தையே மருந்தாக்கி, முதல் கட்டமாக மனிதர்களுக்குக் கொடுத்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். தாங்கிக்கொள்ள முடிந்தது, சிலருக்கு நோய் வளராமல் நின்றது. முதல் கட்டத்தில் அவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும்.

உங்கள் வாட்ஸ்அப் செய்தியில் ஆய்வின் பெயரும் இல்லை, மருந்தின் பெயரும் இல்லை. பெயர் சொல்லக்கூடிய ஓர் உண்மையான சிங்கப்பூர் ஆய்வை எடுத்துச் சொன்னால் விஷயம் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியும். அதே மரபணு ஆய்வுக் கழகக் குழு 2015-இல் ஐராக்1 என்ற புரதம் ட்ரிப்பிள் நெகட்டிவ் செல்களில் மிகையாக இருப்பதையும், அது நோய் பரவவும் பாக்ளிடாக்செல் கீமோவுக்கு அசைந்துகொடுக்காமல் நிற்கவும் உதவுவதையும் காட்டியது. 2017-இல் அதன் தொடர்ச்சி வந்தது. முதலாம் குரோமோசோமில் 1க்யூ21.3 என்ற பகுதி பெருகியிருப்பது முதலில் வரும் கட்டிகளில் 10 முதல் 30 சதவீதம்தான்; திரும்பி வந்த கட்டிகளில் 70 சதவீதத்துக்கும் மேல். அந்தப் பகுதியில் உள்ள எஸ்100ஏ புரதங்களும் ஐராக்1-உம் ஒன்றையொன்று தூண்டிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. பாக்ரிட்டினிப் என்ற மருந்து இந்தச் சுற்றை உடைக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அந்தப் பகுதி பெருகிய கட்டிகளின் வளர்ச்சியைத்தான் அது அதிகமாகக் குறைத்தது. இரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ-விலேயே அந்தப் பெருக்கத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பதும் அதில் இருந்தது. நோய் திரும்புவதை முன்கூட்டியே பிடிக்க அது உதவலாம்.

பாக்ரிட்டினிப் பிறந்ததும் சிங்கப்பூரில்தான், எஸ்*பயோ என்ற நிறுவனத்தில். 2022-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதியும் கிடைத்தது. ஆனால் எதற்கு? இரத்தத் தட்டணு மிகக் குறைந்துபோன எலும்பு மஜ்ஜை நார்த்திசு நோயாளிகளுக்கு. மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி இல்லை. ஆக, செய்தியில் வந்த ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்கலாம்: ஒரு புரதத்தின் பங்கை இங்கே கண்டுபிடித்தார்கள், மருந்தும் இங்கே பிறந்தது, ஆய்வுக்கூடத்தில் கட்டியின் வளர்ச்சி குறைந்தது. அப்படியிருந்தும் அக்காவுக்கு எழுதிக்கொடுக்கும் மருந்தாக அது இன்று இல்லை. எனக்கு இந்த ஆய்வுகள் மேல் பெரிய மதிப்பு உண்டு. ஹெர்2-வுக்கும் இப்படித்தான் 1987 என்று ஒரு வருடம் இருந்தது.

பணத்தைப் பற்றியும் கொஞ்சம். 2022 செப்டம்பர் முதல், அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், சுகாதார அமைச்சின் புற்றுநோய் மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்குத்தான் வெளிநோயாளிச் சிகிச்சையில் பணம் தருகிறது. பட்டியலில் மருந்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. எந்த நோய்க்கு, எந்தக் கட்டத்தில் என்பதும் பொருந்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மாத உச்சவரம்பு வேறு. பட்டியல் அவ்வப்போது மாறுவதால், டாக்டர் சொல்லும் மருந்து அக்காவின் நிலைக்குப் பட்டியலில் உள்ளதா என்று அன்றைய தேதிக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தனியார் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டம் இருந்தால் காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்தில் கேளுங்கள். சிரமம் என்றால் மருத்துவ சமூகச் சேவகரைப் பார்க்க வேண்டும் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், பில் வந்தபிறகு அல்ல. அக்காவுக்கு ஆங்கிலத்தில் டாக்டரிடம் விவரமாகப் பேசத் தயக்கமாக இருந்தால் கூடப் போய் உட்காருங்கள்.

தேக்காவில் வாங்கிய மஞ்சள் மாத்திரை, ஊரிலிருந்து வந்த லேகியம், கஷாயப் பொடி எதுவாக இருந்தாலும் டப்பாவோடு எடுத்துக்கொண்டுபோய், சிகிச்சை மருந்தோடு ஒத்துப்போகுமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். சமையல் மஞ்சள் வேறு, அடர்த்தியான மாத்திரை வேறு. பிற்பாடு ஓலாபாரிப் எடுக்க நேர்ந்தால் கிரேப்ஃப்ரூட் கூடாது. சீனப் புத்தாண்டுக்கு வரும் பம்பளிமாஸும் அதே இனம்தான், அதையும் கேட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றியே ஒன்று. இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் மார்பகப் புற்றுநோயில் ட்ரிப்பிள் நெகட்டிவின் பங்கு 30 சதவீதத்தை ஒட்டி வருகிறது. மேற்கு நாடுகளில் 10 முதல் 15 சதவீதம்தான். அக்காவுக்குப் பிஆர்சிஏ பழுது இருப்பதாகத் தெரிந்தால், கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண்களுக்கும் அதே கணக்குதான். பிஆர்சிஏ2 என்றால் ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் ஆபத்து கூடும், உங்களிடம் அந்தப் பழுது இருந்தால் உங்கள் பிள்ளைகளுக்கும் அது போகலாம். பரிசோதித்தால் காப்புறுதி கிடைக்காமல் போய்விடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். 2021 அக்டோபரிலிருந்து இங்கே, ஒருசில விதிவிலக்குகளைத் தவிர, காப்புறுதி நிறுவனங்கள் மரபணுப் பரிசோதனை முடிவைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது என்ற ஏற்பாடு நடப்பில் இருக்கிறது. அந்த விதிவிலக்குகள் என்னென்ன என்று மரபணு ஆலோசகரிடம் கேளுங்கள். அக்காவின் முடிவு வந்ததும் நீங்களும் அவரிடம் ஒரு சந்திப்புக்குப் பதிந்துகொள்ளுங்கள்.